நின்றும் நில்லாத காலம்

பெண் குழந்தை பெரியவளானால் அந்தச் செய்தியை நாம் ஊருக்கே அறிவித்து விடுகிறோம். வாசலில் பந்தல் எழும்புகிறது. விடியுமுன்பே ஒலிபெருக்கி பாடத் தொடங்குகிறது. தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு மேளதாளத்துடன் வருகிறார். நாணித் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் 13 வயதுச் சிறுமியின் சரீரத்தில் நேர்ந்த மாறுதல், பந்தியில் அமர்ந்து பாயசம் அருந்தும் அத்தனை பேருக்கும் பகிரங்கமான விஷயமாகி விடுகிறது. அதே பெண்ணுக்கு 45 பிராயமாகி, அன்று வந்தது இன்று விடைபெற ஆயத்தமாகும்போது மட்டும் அந்தச் செய்தி கட்டிய கணவருக்குக்கூட எட்டுவதில்லை. அவள் ஏன் நள்ளிரவில் எழுந்து உட்காருகிறாள், ஏன் காரணமின்றிச் சீறுகிறாள், ஏன் அடுக்களைக்குப் போனவள் வந்த வேலை மறந்து நிற்கிறாள் என்று வீட்டார் தங்களுக்குள் யோசித்து, திருஷ்டி என்றும், பித்தம் என்றும், கிரக சஞ்சாரம் என்றும் ஆளுக்கொரு முடிவுக்கு வந்து சேர்கிறார்கள்.

இந்த மௌனத்தை விலக்க வேண்டும் என்பதே இவ்வத்தியாயத்தை எழுதுவதன் நோக்கம். அதற்குச் சிரிப்பைவிட எளிய உபாயம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஏனெனில், சங்கோசத்தால் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட முடிகிறது, கேட்பவரும் முகம் சுளிக்காமல் கேட்கிறார். இந்தப் பருவத்தில் நேரும் கூத்துகளில் பெரும்பாலானவை குடும்பத்தார் அனைவரும் கூடிச் சிரிக்கத் தக்கவை. சிலவோ ஒருபோதும் சிரித்துத் தள்ளத் தகாதவை. எது எந்த வகை என்று பிரித்தறிய வாசகியருக்கு உதவுவதே இனி வரும் பக்கங்களின் வேலை.

மாதவிலக்கு ஒரு நாள் வந்து சொல்லிக்கொண்டு போய்விடுவதில்லை. பெரும்பாலோருக்கு நாற்பதுகளின் நடுவில் அதன் ஒழுங்கு தவறத் தொடங்குகிறது. அதன்பின் முற்றிலும் நிற்பதற்குச் சராசரியாக 4 ஆண்டுகள் பிடிக்கின்றன. சிலருக்குச் சில மாதங்களில் முடிந்துவிடும். வேறு சிலருக்கு 8 ஆண்டுகள், 10 ஆண்டுகள்கூட நீளும். தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். மேல்நாட்டுப் பெண்களுக்கு இது ஏறக்குறைய 51 வயதில் நிகழ, நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நிகழ்ந்து விடுகிறது. ஆகையால் மேல்நாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு, 'ஐம்பதை நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடாமல், 42 வயதிலேயே இதைப் பற்றித் தெரிந்துகொள்ள முற்படுவது உசிதம். 40 வயதுக்கு முன்னரே நின்றுவிட்டால் அது இயல்பான கணக்கில் சேராது. தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன? ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பருவமடையும் காலத்தில் அவை 3, 4 லட்சமாகக் குறைந்து, நாற்பதுகளின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிடுகின்றன. முட்டைகள் குறையக் குறைய, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்னும் சிறிய சுரப்பிக்குப் பொறுமை போய்விடுகிறது. ஓய்வுபெறும் தறுவாயில் இருக்கும் கிராமக் கணக்குப்பிள்ளைக்குத் தாலுகா கச்சேரியிலிருந்து, 'இம்மாதக் கணக்கு ஏன் வரவில்லை' என்று தாக்கீதுமேல் தாக்கீது வந்தால் அவர் என்ன செய்வார்? சில மாதம் கடிதத்தைப் பிரிக்காமலே பெட்டியில் போடுவார். சில மாதம் ரோஷம் வந்து, மூன்று மாதக் கணக்கை ஒரே இரவில் எழுதி அனுப்புவார். சினைப்பையின் நடத்தையும் இப்படியே இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சில மாதங்களில் தாழ்ந்து கிடக்கிறது. சில மாதங்களில் வாலிபப் பிராயத்தில் இருந்ததைவிட அதிகமாகப் பொங்குகிறது. குறைந்துபோவதனால் வரும் தொல்லையைவிட, இவ்வாறு நிலையின்றி ஏறி இறங்குவதனால் வரும் தொல்லையே இந்தப் பருவத்தில் அதிகம்.

இதிலிருந்து உடனே பிரயோஜனப்படும் ஒரு செய்தி கிடைக்கிறது. இந்த மாதம் ஒரு மாதிரியும் அடுத்த மாதம் வேறு மாதிரியும் காட்டும் ஹார்மோனை ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து எதையும் நிச்சயிக்க இயலாது. 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறி, உடம்பில் உஷ்ணம் பொங்கி வருமானால், அந்த லக்ஷணங்களைக் கொண்டே தீர்மானித்துவிடலாம். பரிசோதனைக் கூடத்தில் ஹார்மோன் பட்டியலுக்குச் செலவழிக்கும் பணத்தில் தைராய்டையும் ஹீமோகுளோபினையும் பார்த்துக்கொள்வது மேல். ஏனென்றால் தைராய்டுக் கோளாறும் ரத்த சோகையும் இந்தப் பருவத்தின் வேஷத்தையே போட்டுக்கொண்டு வரக்கூடியவை.

இனி உஷ்ணத்துக்கு வருவோம். ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரம், ஹோமப் புகை, புகைப்படக்காரரின் விளக்குகள், கனத்த காஞ்சிபுரம் பட்டில் மணப்பெண்ணின் தாயார் மணையருகே நிற்கிறாள். தாரை வார்க்கும் சமயத்தில், நெஞ்சின் நடுவில் ஒரு வெம்மை எழுகிறது. அது கழுத்துக்கு ஏறி, காதுமடல்களைப் பழுக்கச் செய்து, நெற்றியில் முத்து முத்தாக அரும்பி, மூக்கு நுனியிலிருந்து சொட்டத் தொடங்குகிறது, இதயம் படபடக்கிறது, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள், மறுபடி துடைக்கிறாள். மகளைப் பிரியும் துயரம் தாளாமல் அழுகிறாள் என்று எண்ணிச் சம்பந்தியம்மாள் நெருங்கி வந்து, "எங்க வீட்டுலயும் பொண்ணு மாதிரி வெச்சுக்குவோம், அழாதீங்க" என்று தோளைத் தட்டி ஆறுதல் சொல்கிறாள்; பக்கத்தில் இருப்பவர்களும் கண் கலங்குகிறார்கள். அந்த அம்மாளுக்கு அப்போது வேண்டியிருப்பது ஒரு பனையோலை விசிறி. இரண்டு, மூன்று நிமிஷங்களில், மிஞ்சினால் ஐந்து நிமிஷங்களில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அதன்பின் நனைந்த துணியில் காற்றுப் பட்டு நடுக்கம் எடுக்கிறது. கல்யாண வீடியோவில் மட்டும் அவள் என்றென்றைக்கும் அழுதுகொண்டே இருக்கிறாள்.

நமது தேகத்தின் வெப்பத்தைக் கண்காணிக்கும் பகுதி மூளையில் ஹைபோதாலமஸ் என்னும் இடத்தில் உள்ளது. வியர்க்க வேண்டிய எல்லைக்கும் நடுங்க வேண்டிய எல்லைக்கும் நடுவே அது சாதாரணமாகச் சற்று இடைவெளி விட்டு வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் தடுமாறும்போது அந்த இடைவெளி மிகவும் குறுகிவிடுகிறது. ஒரு வாய் சூடான காபி, ஒரு சிறு கோபம், ஒரு மாடிப்படி ஏற்றம் போதும். வெப்பம் எல்லை மீறிவிட்டதென்று மூளை தீர்மானித்து, தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்து, வியர்வையைப் பெருக்கிவிடுகிறது. நான்கில் மூன்று பெண்களுக்கு இது ஏதேனும் ஓர் அளவில் நேர்கிறது.

நம் நாட்டில் இதை அடையாளம் காண்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ சமையலறையில் நிற்கும் எந்தப் பெண்ணுக்குத்தான் வியர்க்காது? சித்திரையும் வைகாசியும் இந்த உபாதையைத் தம் மடியில் மறைத்து வைத்துக்கொள்கின்றன. மார்கழி வந்துதான் காட்டிக்கொடுக்கிறது. வாசலில் கோலம் போடும் மற்றப் பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றித் திண்ணையில் எறிந்தால் அவளுடைய பிராயத்தை ஒருவாறு ஊகித்துவிடலாம். திடீரென்று உள்ளிருந்து அலையாகக் கிளம்பிச் சில நிமிஷங்களில் தணிவது பருவத்தின் உஷ்ணம். வெயிலின் வேக்காடு அப்படிச் சட்டென்று வந்து சட்டென்று போவதில்லை.

இரவில் இது படுக்கையறை யுத்தமாக மாறுகிறது. "மார்கழி மாசத்துல ஃபேனை அஞ்சுல வெச்சா மனுஷன் எப்படிம்மா தூங்கறது?" என்று கணவர் போர்வைக்குள்ளிருந்து முனகுகிறார். "எனக்கு உடம்பெல்லாம் எரியுதுங்க, நீங்க இன்னொரு போர்வையை இழுத்துப் போத்திக்குங்க" என்று இவள் பதில் சொல்கிறாள். அரைமணி கழித்து இவளுக்கே குளிர் எடுத்து ஃபேனை நிறுத்தப் போகும்போது அவருக்கு வியர்க்க ஆரம்பித்திருக்கும். சுவரிலுள்ள ரெகுலேட்டரை இருவரும் மாறி மாறித் திருகிக்கொண்டிருப்பதைவிட, அவளுடைய தலைமாட்டில் ஒரு மேசை விசிறியை வைத்துவிட்டு, மேல்விசிறியின் ஆட்சியை அவரிடமே ஒப்படைத்துவிடுவது சமாதானத்துக்கு வழி. செயற்கை இழைத் துணியை விலக்கிப் பருத்தி இரவு உடை அணிவதும், கைக்கெட்டும் தூரத்தில் மாற்றுடை ஒன்றும் பானைத் தண்ணீர் ஒரு செம்பும் வைத்துக்கொள்வதும், மாலை நான்கு மணிக்குப் பிறகு காபியையும், இரவில் காரத்தையும் குறைத்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடுகள். இவை உபாதையை நிறுத்திவிடா. அதைக் கடந்து போவதை எளிதாக்கும். உஷ்ணம் வரும்போது அதைப் பற்றி மனம் பதறும் வேகத்தைக் குறைக்கும் மனப்பயிற்சிச் சிகிச்சை பலன் தருவதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அதிகப்படியான உடல் எடையைக் குறைப்பதும் உதவுகிறது.

அடுத்தது நாள் கணக்கு. "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டவுடன் நம் பெண்களில் பலர் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். "பொங்கலுக்கு மொத வாரம்னு நெனைக்கிறேன்... இல்ல, எங்க மாமா திவசத்தன்னிக்கு நான் சமைக்கலையே, அப்ப அது தைப்பூசத்துக்கு அப்புறம்..." என்று ஆரம்பித்து, வெளியே காத்திருக்கும் நாத்தனாரைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்கும் வரையில் அந்த விசாரணை நீளும். சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியைக் கிழித்து எறிவதோடு நில்லாமல், வரும் நாளையும் நிற்கும் நாளையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்துக்கொள்வதைப் போன்ற மலிவான மருத்துவ சாதனம் வேறில்லை. எத்தனை நாள் போயிற்று, ஒரு நாளில் எத்தனை நாப்கின் மாற்ற நேர்ந்தது, கட்டி கட்டியாக வந்ததா, இடையில் கறை கண்டதா என்ற நான்கு விவரங்களும் அதில் இருந்தால் வைத்தியரின் பாதி வேலை தீர்ந்துவிடும். ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் 7 நாள் அல்லது அதற்கு மேல் வித்தியாசம் அடிக்கடி காணத் தொடங்கினால் பருவம் ஆரம்பமாகிவிட்டது என்று கொள்ளலாம். 60 நாள் இடைவெளி விழத் தொடங்கினால் அது பிற்பாதிக்கு வந்துவிட்டது.

நாள் தள்ளிப்போகும்போது எழும் இன்னொரு கலவரத்தையும் சொல்லத்தான் வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், 46 வயதுத் தாய்க்கு 50 நாளாகியும் வரவில்லை. தன் தெரு மருந்துக் கடைக்காரர் முகத்தில் விழிக்கக் கூசி, பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய்ப் பரிசோதனை அட்டை வாங்கி வந்து, குளியலறையில் ஒற்றைக் கோட்டைப் பார்க்கும் வரை அவள் படும் பாட்டை அனுபவித்தவர்களே அறிவார்கள். கோடு ஒன்றே என்று தெரிந்ததும் அவள் தனியே நின்று சிரிக்கும் சிரிப்பு, வீட்டில் யாரும் கேட்டறியாத ஒன்று. ஆயினும் அந்தப் பயம் ஆதாரமற்றதன்று. சினைப்பை ஓய்வுபெறும் வரையில் கருத்தரிக்கும் சாத்தியம் இருந்துகொண்டே இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்கள், 50 வயதுக்குள் நின்றவராயின் கடைசி மாதவிலக்குக்குப் பிறகு 2 ஆண்டுகளும், 50க்கு மேல் நின்றவராயின் 1 ஆண்டும் தடுப்பு முறையைக் கைவிடலாகாது.

கோயில் பிரயாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் இடையூறாகாமல் இருக்க, நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. எந்த நாளில் வரும் என்றே தெரியாத இந்தப் பருவத்தில் அது நினைத்தபடி பலிப்பதுமில்லை. ரத்தக்கட்டு ஏற்பட்ட சரித்திரம் உடையவர்களுக்கும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அது ஆபத்தும் விளைவிக்கும். வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடக்கூடாது.

இங்கே சிரிப்பை நிறுத்திக்கொண்டு பேச வேண்டிய விஷயம் வந்துவிட்டது. மணிக்கொரு நாப்கின் நனையும் அளவுக்குப் போனால், 7 நாளைக்கு மேல் நீடித்தால், இரண்டு மாதவிலக்குகளுக்கு இடையில் கறை கண்டால், தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தம் வந்தால், 'இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான் போகும்' என்று பக்கத்து வீட்டார் சொல்லும் ஆறுதலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாகாது. முட்டை வெளிப்படாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சுரப்பதில்லை. அது சுரக்காத மாதங்களில் கர்ப்பப்பையின் உட்சவ்வு வரம்பின்றித் தடித்து, பிறகு ஒருசேரச் சரிகிறது. அதிகப் போக்குக்குப் பொதுவான காரணம் இதுதான். ஆனால் கர்ப்பப்பைக் கட்டிகளும், உட்சவ்வில் தோன்றும் வளர்ச்சிகளும், அபூர்வமாகப் புற்றுநோயும் இதே வாசல் வழியாக வருகின்றன. காரணம் எதுவென்று ஸ்கேன் பார்த்தும், தேவையானால் உட்சவ்வில் சிறிது எடுத்துச் சோதித்தும்தான் சொல்ல முடியும். அதற்கிடையில் போகும் ரத்தம் போனதுதான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை இருப்பதாகக் காணப்பட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றும், வயதாகிவிட்டது என்றும் சொல்லிக்கொண்டு, இரும்புச்சத்து மாத்திரையால் தீரக்கூடிய சோர்வை ஆண்டுக்கணக்கில் சுமக்கும் தாய்மார்களை நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது.

வேதனை அங்கே முடிவதுமில்லை. போக்கு அதிகம் என்று சொல்லிக்கொண்டு போனால், "குழந்தைங்கதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம், இனிமே அது எதுக்கு?" என்ற பேச்சு எளிதாக எழுந்துவிடுகிறது. பெண்களும் மாதாமாதம் படும் அவதியிலிருந்து விடுதலை கிடைத்தால் போதும் என்று தலையசைத்து விடுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் இளம் பிராயத்திலேயே கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை இழந்த செய்தி 2019-ல் நாட்டையே திடுக்கிடச் செய்தது. அநாவசியமான இந்த ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ரணசிகிச்சை அவசியமானவர்கள் உண்டு. அவர்களுக்கு அது பெரும் நிவாரணம் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அது கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு. ரத்தப்போக்கு நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் பொருத்தி, அங்கேயே சிறிதளவாக ஹார்மோனைக் கசியவிட்டு, ஆண்டுக்கணக்கில் போக்கைக் குறைக்கும் சிறு சாதனமும் இருக்கிறது. ஆகவே ஆபரேஷன் என்ற பேச்சு எழுந்தவுடன், காரணம் இன்னதென்று கண்டாகிவிட்டதா, மருந்தால் முயன்று பார்த்தாயிற்றா, சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறீர்களா என்று மூன்று கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள். மூன்றாம் கேள்வி முக்கியமானது. சினைப்பைகளை எடுத்துவிட்டால், பல ஆண்டுகளில் படிப்படியாக நிகழ வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்து, உஷ்ணமும் உறக்கமின்மையும் கடுமையாவதோடு எலும்புக்கும் இதயத்துக்கும் கேடு மிகுகிறது. பதிலில் திருப்தி இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ வேறொரு டாக்டரிடமோ இரண்டாம் அபிப்பிராயம் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது.

மனத்தின் விளையாட்டுகளைப் பற்றிச் சற்று இலகுவாகவே பேசலாம். மூக்குக்கண்ணாடி குளிர்சாதனப் பெட்டியில் தயிர்க் கிண்ணத்தின் பக்கத்தில் கிடைக்கும். மகனைக் கூப்பிட வாயெடுத்து, கணவர், தம்பி, மருமகன் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிக் கடைசியில்தான் அவன் பெயருக்கு வந்து சேருவார்கள். புத்தி பேதலித்துவிடுமோ என்று சிலர் உள்ளூர அஞ்சுகிறார்கள். அமெரிக்காவில் 3,302 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்த ஓர் ஆராய்ச்சியில், இந்தப் பருவத்தில் மந்தமாகும் கற்கும் திறன் பருவம் கடந்தபின் மீண்டுவிடுவதாகக் கண்டிருக்கிறார்கள். உறக்கமின்மையும் மறதிக்கு ஒரு காரணம். பிளஸ் டூ படிக்கும் மகளும் 45 வயதுத் தாயும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகளில், ஒருத்தியின் ஹார்மோன் ஏறும்போது இன்னொருத்தியின் ஹார்மோன் இறங்கி, தட்டில் வைத்த இட்லியின் சூட்டைப் பற்றி ஆரம்பித்த பேச்சு இருவர் கண்ணீரிலும் முடிகிறது. நடுவில் அகப்பட்ட தகப்பனார் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வதைவிட, அன்றைய பாத்திரங்களைத் தாமே தேய்த்துவிடுவாரானால் இரு தரப்பிலும் நல்ல பெயர் எடுக்கலாம். மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, எதிலும் பற்றில்லாமல் போய், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுமானால் அதை ஹார்மோனின் கூத்தென்று ஒதுக்காமல் உடனே உதவி தேட வேண்டும். 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் மாமியாரும் இருந்தால் அவரைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கும் இப்படித்தான்டி இருந்துச்சு. யார்கிட்ட சொல்றது? அடுப்பு வேக்காடுன்னு சொல்லிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்னுக்குவேன்" என்று அவர் சொல்லும்போது, இருபது வருஷமாக ரசத்தின் புளிப்பைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த இருவருக்கும் இடையே புதிய சிநேகம் பிறக்கிறது. கருத்தரிக்கும் காலம் முடிந்தபின்னும் நீண்ட நாள் வாழும் பெண்ணினம் உலகில் மிகச் சில. மனிதரைத் தவிர, ஓர்க்கா போன்ற சில வகைத் திமிங்கிலங்களில் அது உண்டு. பசிபிக் கடலில் சால்மன் மீன் அருகிப்போகும் வருஷங்களில், கூட்டத்துக்கு முன்னே நீந்திச் சென்று மீன் இருக்கும் திசைக்கு வழிகாட்டுவது இவ்வாறு பருவம் கடந்த கிழத் திமிங்கிலங்களே என்று கண்டறிந்திருக்கிறார்கள். ஆகவே நம் வீட்டுக் கிழவியின் அனுபவத்தையும் கேட்டு வைத்துக்கொள்வோம்.

ஹார்மோன் சிகிச்சை என்றவுடன் பலருக்குப் புற்றுநோய் பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடத்திய பெரிய ஆராய்ச்சி ஒன்று, மார்பகப் புற்றுநோயும் இதய நோயும் சற்று அதிகரிப்பதாகக் கண்டு, 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பத்திரிகைகள் எடுத்துச் சொல்லவில்லை. புற்றுநோயின் மிகுதி, பதினாயிரம் பேருக்கு ஓராண்டில் 8 பேர் என்ற அளவில் இருந்தது. பிற்பாடு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், 60 வயதுக்குட்பட்டவர்களுக்கும், நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்கும், வேறு தடை ஏதும் இல்லாதபோது நன்மையே மிகுதி என்ற கருத்து வலுப்பெற்றது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டோ பக்கவாதமோ கண்டவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உடையவர்கள் இதை நாடலாகாது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியே எடுத்துக்கொள்ளாமல் புரோஜெஸ்டிரோனோடு சேர்த்தே எடுக்க வேண்டும். உறக்கமில்லாமல் தவிக்கும் பெண் ஒருத்தி, இருபது ஆண்டுக்கு முந்தைய தலைப்புச் செய்தி ஒன்றை நம்பிக்கொண்டு கேட்காமலே இருந்துவிடுவது நியாயமில்லை. கேளுங்கள், உங்கள் உடம்புக்கு ஏற்குமா என்று டாக்டர் சொல்லட்டும்.

எலும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நிற்கும் காலத்தை ஒட்டிய சில ஆண்டுகளில் அது வேகமாகத் தேய்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. எள்ளிலும் அகத்திக்கீரையிலும் இன்னும் அதிகம். பாலும் தயிரும் சேர்த்துக்கொண்டு, தினம் வெயிலில் சற்று நடந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் எடை தூக்கும் பயிற்சியும் செய்யலாம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமந்த பாட்டிமார்களுக்கு அந்தப் பயிற்சி கேட்காமலே கிடைத்தது.

வறட்சியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பிறப்புறுப்பு ஈரப்பசை இழந்து எரிவதும், உறவு வலியாவதும், பஸ் புறப்படும் நேரத்தில் சிறுநீர் முட்டுவதும், தும்மினால் சிறிது கசிவதும் மிகப் பொதுவானவை. உஷ்ணம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே தணியும். இது தானே தணிவதில்லை, கவனியாமல் விட்டால் மிகும். அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல குணம் தருகிறது. உடம்பில் ஏறும் அளவு மிகச் சொற்பம். சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை எந்த இடத்திலும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட, யாரும் அறியாமல் செய்துகொள்ளலாம். கணவரிடம் இதைச் சொல்லாமல் விலகி விலகிப் படுத்தால் அவர் தம்மை வெறுத்துவிட்டதாகவே எண்ணிக்கொள்வார். சொல்லிவிட்டால் களிம்பு வாங்க அவரே கடைக்குப் போவார்.

இறுதியாக, 12 மாதக் கணக்கு. பதினொரு மாதம் வராமல் இருந்து, பெட்டியிலிருந்த நாப்கின்களையெல்லாம் அண்ணன் மகளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் வேளையில், திருச்செந்தூர் போகும் ரயிலில் அது வந்து சேர்வதுண்டு. அப்படி வந்தால் நோட்டை எடுத்து முதலிலிருந்து எண்ண வேண்டும். வீட்டாரிடம் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். 12 மாதம் முழுதும் கடந்தபின் வந்தால் மட்டும், அது ஒரு துளிக் கறையாக இருந்தாலும், வலி ஏதும் இல்லாவிட்டாலும், அந்த வாரத்திலேயே மகப்பேறு மருத்துவரிடம் போய்விட வேண்டும். பெரும்பாலும் உட்சவ்வு மெலிந்ததுபோன்ற சாதாரணக் காரணமே தெரியவரும். ஆனால் பத்தில் ஒருவரை நெருங்கும் அளவில் அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கிறது, அந்த நிலையிலேயே கண்டுகொண்டால் குணப்படுத்துவதும் எளிது. உள்வழி ஸ்கேனில் உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சிறிது திசு எடுத்துப் பரிசோதிப்பார்கள். கறை கண்ட தேதி, அளவு, நிறம் மூன்றையும் நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், முன்பு எடுத்த ஸ்கேன் தாள்களையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.